புளி போட்டுத் துலக்கிய சப்பான்காரன்

இப்போதெல்லாம் எவனும் சாமானைக் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. போனில் படம் பார்க்கிறான், போனிலேயே விலை பேசுகிறான், பொய்யும் அதிலேயே சொல்கிறான். லான்மடா பேட்டையில் பழஞ்சாமான் கடை வைத்திருக்கும் கமாலும் அந்த ரகம்தான்.

என் பக்கத்து வீட்டு ஜெயம்மாவிடம் ஒரு வெண்கலச் சிலை இருந்தது. அரை முழ உயரம். வழுக்கைத்தலை ஆள் ஒருவன் குந்தி உட்கார்ந்து, மரச்செருப்பைப் பாதங்களால் இடுக்கிக்கொண்டு உளி வைத்துச் செதுக்குகிறான். சண்டையில் சப்பான்காரன் பர்மாவிலிருந்து ஓடும்போது விட்டுப் போனதாம். துறைமுகக் கூலியாக இருந்த அவள் மாமனார் எடுத்து வந்து பரணில் போட்டது. சாக்குக்குள்ளேயே கிடந்தது, கன்னங்கரேல் என்று.

ஜெயம்மா வீட்டுக் கூரைத் தகரம் முழுக்க ஓட்டை. மழைக்குமுன் மாற்றாவிட்டால் எங்கள் போட்டாதாங் பேட்டையை விட்டு, ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருக்கும் மகள் வீட்டு மூலைக்குப் போக வேண்டும். மருமகனுக்கும் அவளுக்கும் ஆகாது. சிலை விற்றால்தான் தகரம்.

போனில் அனுப்பிய படத்தைப் பார்த்த கமால், "சனிக்கிழமை கொண்டாங்கம்மா, நல்ல விலைக்கு எடுத்துக்கிறேன்" என்றிருக்கிறான்.

நான்தான் சொன்னேன். "இந்த அழுக்கோட கொண்டு போனா அடிமாட்டு விலைக்குக் கேப்பான். வெள்ளிக்கிழமை விளக்கு துலக்குவேல்ல, இதையும் அதோட போடு."

அவள் புளி கரைத்தாள். நான் சாம்பல் சலித்துக் கொடுத்தேன். தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க ஆள் குத்துவிளக்கு மாதிரி மின்னினான். நெற்றியில் பொட்டு வைத்தாள்.

"சித்தர் மாதிரி இருக்காருண்ணே."

"எந்தச் சித்தர் செருப்பு செஞ்சாரு?" என்றேன். சிரித்தாள்.

சனிக்கிழமை கடையில் கமால் துணியைப் பிரித்தான். முகம் செத்துவிட்டது.

"யாரும்மா இதைத் தேய்ச்சது?"

"நாங்கதான் பாய். புளி போட்டு."

"அய்யோ! அந்தக் கறுப்பு அழுக்கில்லம்மா. செஞ்சவன் மருந்து வச்சு ஏத்தின நிறம். அதுக்குத்தான் விலையே."

"வெண்கலத்துக்குக் கறுப்பு ஏத்துவானா? எந்தக் கிறுக்கன்?" என்றேன். "எந்தக் கோயில்லப்பா அழுக்கு விளக்குக்கு விலை கூட?"

"ஊ ராமையா, இது விளக்கில்ல." பெரியவர்களுக்குப் பர்மாக்காரன் போடும் 'ஊ'வை மட்டும் விடவில்லை.

"வெண்கலம்தானே?"

போனில் கறுப்புக் கறுப்பாக நாலைந்து சிலைகளைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். இருட்டில் படம் எடுத்தால் நானும் கறுப்புத்தான்.

ஜெயம்மா கேட்டாள். "அப்ப எடுத்துக்க மாட்டீங்களா பாய்?"

"இனி எடைக்குத்தாம்மா போகும். உருக்கிடுவாங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவள் சிலையை மறுபடி துணியில் சுற்றினாள். சுற்றி முடித்தும் கையை எடுக்கவில்லை.

"அவன் விலையைக் குறைக்கப் பாக்குறான் தங்கச்சி. எந்திரி, வேற கடை பாப்போம்."

"வேணாண்ணே. மககிட்டச் சொல்லிடுறேன், வர்றேன்னு."

"இதுக்கா?"

"நீங்க போங்கண்ணே. நான் கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்."

கமால் அவளுக்குத் தண்ணீர் கொண்டு வந்தான். எனக்கு வேண்டுமா என்று கேட்கவில்லை. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கினேன். அழுக்குக்கு விலையாம். நம்மைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது இவனுக்கு? திரும்பிப் பார்க்காமல் பஸ் நிற்கிற பக்கம் நடந்தேன்.