மருந்துக் கார்டு

காலை பத்தேகாலுக்கு வங்கியில் கூட்டமில்லை. வரச்சொல்லி போன் செய்திருந்த பெண்ணின் மேசையில் லேத் பட்டறைக்காரர் தன் கிரெடிட் கார்டை வைத்தார். போன வருஷம் அவருக்கும் மனைவிக்கும் அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவளும் இவள்தான். மருந்துக் கடையில் நல்ல தள்ளுபடி. "என் வியாதியிலயும் லாபம் பாக்குறாரு பாரும்மா இந்த மனுஷன்" என்று மனைவி சொன்னபோது பக்கத்து மேசைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

"மூணு மாசமா மருந்தே வாங்கலையே சார். அம்மாவுக்கு இப்ப தேவலையா?"

"அவ போயிட்டாம்மா."

அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் வேறு கார்டுகளின் படங்களைப் பரப்பினாள். ஒன்று பெட்ரோலுக்கு, ஒன்று துணிக்கடைக்கு. ஹோட்டலில் இருவர் சாப்பிட்டால் ஒருவருக்கு இலவசம் என்ற கார்டை மட்டும் அவசரமாகத் திரும்ப உள்ளே வைத்தாள்.

அவர் பழைய கார்டை விரலால் தடவினார். மாதம் பிறந்தால் அதை எடுத்துக்கொண்டுதான் மனைவிக்கு மாத்திரை வாங்கப் போவார். அதையும் கொடுத்துவிட்டால் அவளுக்கென்று செய்ய ஒரு வேலையும் இருக்காது.

"இதுவே இருக்கட்டுமேம்மா."

"வருஷக் கட்டணம் தண்டம் சார். உங்க தேவைக்குத்தானே பாக்கணும்? சொல்லுங்க, இனிமே எதுக்கு அதிகமா செலவு பண்ணுவீங்க?"