அப்பாவின் கையில் பிரிக் கேம்

…வேலை என்று சொன்னால் ஓடி வந்துவிடுவார் என்று பவித்ரன் சொன்னபோது சரி சரி என்று தலையாட்டியது நான்தானே, இப்போது புருஷன்மேல் பழியைப் போட்டு என்ன ஆகப்போகிறது, அவன் யோசனை சொன்னதோடு சரி, வாயைத் திறந்து பெற்ற அப்பாவிடம் பொய் சொன்னது யாரு, இந்த மகராசிதான்… “அப்பா, கோப்பெங் பக்கம் புதுத் தோட்டத்துல ஆளு கேக்குறாங்களாம், போலாமா?” என்றேன், அடடா, மனுஷனுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே, விடிவதற்குள் குளித்து, விபூதி பூசி, பழைய தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு ஃபிளாட் வாசலில் தயாராக நிற்கிறார், போன மாதம் முதியோர் இல்லம் என்று உண்மையைச் சொன்னபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நகரமாட்டேன் என்று அழுதவரும் இவர்தான். உண்மைக்கு அழுதார், பொய்க்குச் சிரிக்கிறார், நான் என்ன செய்ய?

ஈப்போ சிக்னலில் கார் நிற்கிறது, பக்கத்து சீட்டில் அப்பா, கையில் சின்ன வயசில் நான் விளையாடிய அந்தப் பிரிக் கேம், மஞ்சள் நிறம் அழுக்காகி, பின்மூடி தொலைந்து, உள்ளே கம்பிச் சுருள் துருப்பிடித்து… டிக் டிக் என்று பட்டனை அமுக்கிக்கொண்டே வருகிறார், திரையில் ஒன்றும் கிடையாது, பேட்டரியே இல்லை, அதை அவரிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ரப்பர் மரம் சீவுகிற கத்தி எங்கே, கத்தி இல்லாமல் எப்படி வேலைக்குப் போவது என்று காலையில் அலமாரியைக் குடைந்தார், கத்தியைக் கொடுக்க முடியுமா, தோட்டத்தை விட்டு வந்த வருஷமே அதை யாரிடமோ கொடுத்தாயிற்று, கத்தி அங்கேயே தருவாங்கப்பா என்று இன்னொரு பொய், அப்படியும் கேட்காமல் துணிகளை இழுத்துப் போட்டார், துணிக்கு அடியில் இது தட்டுப்பட்டது, எடுத்துக் கையில் திணித்தேன், அழுகிற பிள்ளை வாயில் ரப்பரை வைக்கிற மாதிரி. உடனே அடங்கிவிட்டார், சீ, எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

இதை வாங்கி வந்தவர் இவர்தான், அம்மா செத்து மூன்றாம் மாதம், பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தார், எனக்கு ஒன்பது வயசு, விடியும் முன்னே அவர் பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கணும், வேலை வாங்குகிற தண்டல் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை கிடையாது, நானோ தோட்டத்து லயத்து வீட்டில் தனியாக, பள்ளிக்கூட பஸ் வரும்வரை, வெளியே கித்தா மரத்து ரப்பர்க் காய் வெடித்துத் தகரத்தில் விழுகிற சத்தத்துக்கெல்லாம் பயந்து நடுங்கி… இது வந்த பிறகு அந்தச் சத்தமே காதில் விழவில்லை, கட்டை மேலிருந்து இறங்கும், திருப்பணும், சந்தில் சொருகணும், வரிசை நிரம்பினால் கரையும், அவ்வளவுதான், அதிலேயே இருட்டு கழிந்துவிடும். ஒரு சாயங்காலம் எனக்கும் குடு தினேசு என்று, என் பேரைச் சுருக்கி அப்படித்தான் கூப்பிடுவார், வாங்கிப் பார்த்தார், ரப்பர் பால் காய்ந்த கட்டைவிரல், ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கும், “என்ன புள்ள இது, ஒன்ன அடுக்குறதுக்குள்ள அடுத்தது வந்துருதே” என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவும் இல்லை, நானும் கொடுக்கவில்லை.

நான் மட்டும் ஆசைப்பட்டா செய்கிறேன், ஃபேக்டரியில் எனக்கு ஷிப்ட் வேலை, பவித்ரன் லாரி எடுத்துக்கொண்டு போனால் மூன்று நாள் கழித்துத்தான் வருவான், இவரோ விடியற்காலையில் பூட்டைத் திறந்து பெரட்டுக்கு நேரமாச்சு என்று நாலு மாடி இறங்கிவிடுகிறார், போன வாரம் பெரிய ரோட்டு நடுவில் நின்று, வரிசையில் நிற்கிற மாதிரி நேராக நின்று, பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தாராம், ஒரு லாரிக்காரன் பிரேக் போட்டானோ பிழைத்தாரோ… எல்லாம் சரிதான், நியாயம் என் பக்கம்தான், பிறகு ஏன் கிளம்பியதிலிருந்து அவர் முகத்தை ஒரு தடவைகூட நேராகப் பார்க்கவில்லை? “கங்காணி யாரு தினேசு?” என்கிறார். செல்லாயி அக்காப்பா என்றேன், இல்லத்தை நடத்துகிறவர். “பொம்பளக் கங்காணியா?” என்று தொப்பியைக் கழற்றிச் சிரிக்கிறார், “பரவால்ல லா, திட்டாம இருந்தா சரி.” திட்டமாட்டாங்கப்பா என்றேன், அது ஒன்றுதான் இன்றைக்கு நான் நம்பிச் சொன்ன வார்த்தை. ரோட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய்ச் செம்பனை, கித்தா மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, அவர் கேட்பார், மரம் எங்கே என்று கேட்பார் என்று வேகத்தைக் கூட்டுகிறேன், அவர் கேட்கவே இல்லை.

இல்லத்து வாசலில் செல்லாயி அக்கா நிற்கிறார், நல்ல மனுஷி, போனிலேயே எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தேன், “வாங்கண்ணே, ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்” என்கிறார், உள்ளே வயசானவர்கள் மாத்திரைக்காக வரிசையில் நிற்கிறார்கள், அப்பா வரிசையைப் பார்த்ததும் நிமிர்ந்துவிட்டார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஐயோ இதை நான் யோசிக்கவே இல்லையே, பொய் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் என்று தெரிந்திருந்தால் சொல்லியே இருக்கமாட்டேன்… இரண்டடி போனவர் திரும்பி வந்தார், கேமை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார், குனிந்து, என் இடுப்பு உயரத்தில் யாரோ நிற்கிற மாதிரி குனிந்து, “கதவச் சாத்திக்க, யாரு கூப்புட்டாலும் தொறக்காத, வெளையாடிக்கிட்டு இரு என்னா… அப்பா போயிட்டு வாரேன்” என்றார். சரிப்பா என்றேன், செல்லாயி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன், சாவியைத் திருப்பணும், இரண்டு மணி ஷிப்டுக்குப் போகணும், போகலாம், அவர்தான் சந்தோஷமாகப் போனாரே, சட்டையைப் பிடித்து இழுத்தாரா, அழுதாரா, பிறகு எனக்கு மட்டும் ஏன்… செல்லாயி அக்காவிடம் ரத்த அழுத்த மாத்திரையைச் சொன்னேன், மீன் முள்ளெடுத்துப் போடச் சொன்னேன், பூட்டைச் சொன்னேன், விடியற்காலையைச் சொன்னேன், அவர் போவதைப் பற்றியே எல்லாம் சொல்லியிருக்கிறேன், திரும்பி வருவதைச் சொல்லவில்லையே, பெரட்டுக்குப் போன மனுஷன் மத்தியானம் ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்ததும் எங்கேயும் நிற்காமல் நேராக வீட்டுக்குத்தானே வருவார், மழையோ வெயிலோ ஒரு நாள் தவறியதில்லை, இன்றைக்கும் வேலை முடிந்தது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவார், கதவைப் பிடித்து ஆட்டுவார், செல்லாயி அக்கா எங்கண்ணே போறீங்க என்று கேட்பார், புள்ள வீட்டுல தனியா இருக்கு என்பார்…