வியாழனைக் கேட்டவள்

கண்காட்சி மைதானத்தில் தொலைநோக்கிக்கு நின்ற வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அவளும் நாத்தனாரும் கால் கடுக்க நின்றார்கள். நாத்தனாருக்குத் தெருவில் மைக்செட் என்று பேர், குரல் அப்படி. பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் சொன்னதையெல்லாம் மைக்செட் சுடச்சுட ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, வியாழனுக்குப் பக்கத்துல நாலு நிலாவாம். கோடு போட்ட மாதிரி வரிசையா நிக்குதாம்."

அண்ணிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் தொலைபேசி ஆபரேட்டர் வேலை. எதிர்முனையில் யாராவது மூச்சு விட்டாலே இன்னார் என்று சொல்லிவிடுவாள்.

அவள் முறை வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "இவங்க என்னத்தப் பாக்கப் போறாங்க? சும்மா லைன அடைச்சுக்கிட்டு."

மைக்செட் சண்டைக்குத் திரும்புவதற்குள் அவள் நாத்தனாரின் கையை அழுத்திப் பிடித்தாள். முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. தொலைநோக்கி அருகே நின்றவரைக் கேட்டாள்.

"சார், அங்கேருந்து வெளிச்சம் மட்டும்தான் வருதா? வேற ஒண்ணும் வராதா?"

அவர் வானியல் கழகத்தின் செயலாளர். அத்தனை நேரமும் "அடுத்தவங்க வாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், வரிசையையே மறந்துவிட்டார்.

"வருதே! வியாழன்லேருந்து ரேடியோ அலை வருதும்மா. ஒரு ஷார்ட் வேவ் ரேடியோவும் மாடியில கட்ட ரெண்டு கம்பியும் இருந்தா காதாலயே கேக்கலாம். அதோட நிலா ஒண்ணு சரியான இடத்துக்கு வரும்போது இன்னும் பலமாக் கேக்கும்."

"எந்த நிலா?"

"ஐயோ."

"ஐயோ, என்ன சார் ஆச்சு?" என்று பதறினாள் மைக்செட்.

"பேரே அதாம்மா. ஐயோ."

வரிசையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. கம்பி எவ்வளவு நீளம், எந்த அலைவரிசை என்று கேட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

அவள் கணவனுக்கு எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டிக் கொடுக்கும் தொழில். தாமிரக் கம்பிக்கா பஞ்சம்? "என்னங்க, மாடியில எனக்கு ஒரு கம்பி கட்டித் தரணும்" என்று அவள் சொன்னதும், "எவ்ளோ நீளம்?" என்றுதான் கேட்டான். எதற்கு என்று கேட்கவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு ரேடியோவைத் தேடிப் பிடித்து, பிரித்துப் போட்டு, உயிர் கொடுத்தான். மாடியில் இரண்டு இரும்புக் குழாய்களை நட்டுக் கம்பியை இழுத்துக் கட்டினான்.

வேலை முடிந்து வந்ததும் அவள் மாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். வந்ததெல்லாம் எதிர்வீட்டுக் கீழ்த்தளத்து வெல்டிங் கடையின் இரைச்சல்தான். ஐயோ சரியான இடத்துக்கு வருவதாகச் செயலாளர் போனில் சொன்ன இரண்டு மாலைகள் அந்த இரைச்சலிலேயே போயின. தெருவுக்கு இது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது.

"என்னப்பா, வியாழன் பேசினாரா?" என்பார்கள் கடைக்கு வருகிறவர்கள்.

"இன்னைக்குச் செவ்வாய்தானே. இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்பான் அவன், காயிலிலிருந்து தலை நிமிராமல்.

சனிக்கிழமை காலை செயலாளர் போன் செய்தார். "இன்னைக்கு இருட்டினதும் நல்ல வாய்ப்பும்மா. இத விட்டா வியாழன் சூரியன் பக்கமாப் போயிடும். அப்புறம் சில மாசம் ஒண்ணும் நடக்காது."

அன்று மாலை வெல்டிங் கடையில் அவசரமாக ஒரு கேட் வேலை. தீப்பொறி பறந்துகொண்டிருந்தது. மைக்செட் தெருவைக் கடந்து போய் வாசலில் நின்றாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் நிறுத்துங்க. எங்க அண்ணிக்கு வியாழன்லேருந்து சேதி வரணும்."

"விளையாடுறியா? நாளைக்கு கேட்டை மாட்டியாகணும்மா."

"கேட்டு எங்கயும் ஓடிடாதுண்ணே. வியாழன் ஓடிடும்!"

கடைக்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு, இவள் குரலைக் கேட்பதற்கு மெஷினை அணைப்பதே மேல் என்று தோன்றியதோ என்னவோ, சுவிட்சைத் தட்டிவிட்டார்.

மாடியில் அண்ணி காதைத் தீட்டிக்கொண்டாள். வெல்டிங் இரைச்சல் போய்விட்டது. ஆனால் அதன் அடியில் இத்தனை நாள் ஒளிந்திருந்த வேறொரு சத்தம் இப்போது தலைகாட்டியது. கொர்ரென்று ஒரே சீராக ஒரு ரீங்காரம்.

"இது மேலேருந்து வர்றதில்லீங்க. இங்கதான் எங்கயோ இருக்கு."

கைக்கடக்கமான ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு, கணவன் கையைப் பிடித்தபடி தெருவில் இறங்கினாள். பக்கத்து வீட்டு வாசலில் ரீங்காரம் குறைந்தது. தையல் கடை முன்னால் இன்னும் குறைந்தது. வீட்டுப் படிக்குத் திரும்பியதும் எகிறிக் குதித்தது. கூடத்துக்குள் நுழைந்து, சுவரோரமாகவே போய் ஒரு பிளக்கைப் பிடித்தாள். மைக்செட்டின் கொசு பேட் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி" என்றான் அண்ணன்.

"எனக்கென்ன தெரியும்? கொசு கடிக்குதேன்னு போட்டேன்" என்றாள் தங்கை. வாழ்க்கையில் முதன்முறையாக அவள் குரல் கீழே இறங்கியிருந்தது.

பிளக்கைப் பிடுங்கியதும் மூவரும் மாடிக்கு ஓடினார்கள். இப்போது ஹெட்போனில் மெல்லிய உஸ்ஸென்ற சத்தம் மட்டுமே. அவள் காத்திருந்தாள்.

அப்போது அது வந்தது. எங்கோ தூரத்தில் எழுந்து, பெருகி, மோதி, மணலை இழுத்துக்கொண்டு பின்வாங்கும் அலை. அதன் பின்னால் இன்னொன்று. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருந்தாலும் நம்பிவிட அவசரப்படவில்லை. இரண்டு தடவை ஏமாந்த காது அது. போனை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டாள். அவர் பக்கத்து ஊரில், தன் வீட்டில், தன் ரேடியோவுக்கு முன்னால் இருந்தார்.

"சார், ஒண்ணும் சொல்லாதீங்க. நான் சொல்றத மட்டும் கேளுங்க. ஏறுது... ஏறுது... இப்ப! இறங்குது... அடுத்தது வருது... இப்ப!"

எதிர்முனையில் அவர் கத்தினார். "அம்மா! நீங்க 'இப்ப'ங்கும்போதெல்லாம் இங்கயும் ஏறுதும்மா! அதேதான்! வியாழனேதான்!"

போனைக் கையில் வைத்துக்கொண்டே அவள் அழுதாள், சிரித்தாள். கணவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். மைக்செட்டுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. கைப்பிடிச் சுவருக்கு ஓடிப் போய்த் தெருவைப் பார்த்துக் கூவினாள்.

"எங்க அண்ணி வியாழனைப் புடிச்சிட்டாங்க!"

முதலில் ஏறி வந்தவர் வெல்டிங் கடைக்காரர். கையுறையைக் கழற்றிவிட்டு ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தவர், கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"இது நிஜமாவே அங்கேருந்தா வருது?"

"ஆமாண்ணே" என்றாள் அவள். "அங்க கிளம்பி முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இப்பத்தான் நம்ம மாடிக்கு வந்து சேருது."

"அப்ப கேட்டு நாளான்னைக்கு மாட்டிக்கலாம்" என்றார் அவர்.

படிக்கட்டில் ஆள் சேர்ந்துகொண்டே போனது. அவள் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேடியோவைக் கைப்பிடிச் சுவரின் மேல் தூக்கி வைக்கச் சொன்னாள். சத்தத்தை முழுதாகத் திருகிவிட்டாள். அலையோசை தெருவெங்கும் இறங்கியது. தையல் மெஷின் நின்றது. போய்க்கொண்டிருந்த ஒருவர் சைக்கிளிலிருந்து காலை ஊன்றி, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"என்னங்க அது சத்தம்?"

மைக்செட் வாயைத் திறந்தாள். ஆனால் பதில் சொன்னது அண்ணிதான், சுவரில் இரு கைகளையும் ஊன்றி, தெருவே கேட்கும்படி.

"வியாழன்ங்க! கொஞ்சம் நில்லுங்க, மறுபடியும் ஏறும் பாருங்க!"

ஏறியது.