ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் அவருக்கு

டயர் கடையில் எல்லோரும் அவனைப் பயில்வான் என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடுகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஆணழகன் போட்டிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. போன இரண்டு வருடமும் கடைசி நேரத்தில் கோட்டைவிட்டவன் அவன். தசை எல்லாம் கல்லாக இருந்தும், மேலே மெல்லிசாகக் கொழுப்பு படிந்து, வயிற்றின் வரிகள் மேடை வெளிச்சத்தில் தெரியாமல் போயின. வயது முப்பத்தெட்டு. இந்த வருடமும் விட்டால் விட்டதுதான்.

ஜிம் மாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஒரு நாளைக்கு முப்பது கிராம் கொழுப்பு. குறைந்தால் உடம்பு படுத்துவிடும், கூடினால் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். பயில்வானும் மஞ்சள் கருவை ஒதுக்கி, கோழிக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, எண்ணெயைச் சொட்டு மருந்து மாதிரி அளந்து, நாக்கு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தான்.

வீட்டிலோ இதற்கு நேர் எதிரான வைத்தியம். அப்பாவுக்கு நினைவு தப்பி இரண்டு வருடமாகிறது. எடை நாற்பத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. எதைக் கொடுத்தாலும் வெண்ணெய் போட்டுக் கொடுங்கள், இன்னும் இறங்கினால் தாங்கமாட்டார் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அக்கா ஓட்ஸ் கஞ்சியில் வெண்ணெயைக் கட்டி கட்டியாகப் போட்டுக் கரைப்பாள். ஆனால் அவள் சாப்பாட்டில் விஷம் கலக்கிறாள் என்று அப்பாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பெற்ற அப்பனே இப்படிச் சொன்னால் அவளும் என்னதான் செய்வாள், பாவம்.

அவர் நம்பியது பயில்வான் ஒருவனைத்தான். மகன் என்று தெரிந்து அல்ல, யாரோ நல்ல பையன் என்று. அவன் ஒரு வாய் விழுங்கினால் அவர் ஒரு வாய் வாங்கிக்கொள்வார். அடுத்த வாய்க்கு மறுபடியும் முதலில் அவன். ஆக, அவர் வயிற்றுக்குப் போகிற வெண்ணெய் அதே அளவுக்கு இவன் வயிற்றுக்கும் போயாக வேண்டும். காலைக் கிண்ணத்திலேயே முப்பதில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மத்தியானம், ராத்திரி.

இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தவன் மாஸ்டரிடம் போய்ப் புலம்பினான். அவர் லேசாகச் சிரித்தார்.

"வாயில போடு, மெல்லு, முழுங்காதே. துடைக்கிற மாதிரி துண்டுல துப்பிடு. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

ஆறு நாள் அப்படியே ஓடியது. தொண்டையை ஏற்றி இறக்கி விழுங்குவதுபோல் காட்டிவிட்டு, முகத்தைத் திருப்பித் தோள்துண்டில் துப்பினான். வயிற்றில் வரிகள் ஒவ்வொன்றாக எழும்பின. அப்பாவும் நாற்பத்திரண்டைத் தொட்டார். அவர் கண்ணைப் பார்க்கத்தான் கூசியது. யாருக்கும் நஷ்டமில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பாழாய்ப்போன மனசு, தேற்றினால் உடனே தேறிவிடுகிறது.

ஏழாம் நாள் காலை அப்பாவின் தாடையில் கஞ்சி வழிந்தது. இவன் துடைப்பதற்குள் அவரே கையை நீட்டி, இவன் தோளிலிருந்த துண்டை உருவினார். மடிப்பு பிரிந்தது. மென்று துப்பிய கஞ்சி அத்தனையும் அவர் உள்ளங்கையில் விழுந்தது. விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"உன்னை நல்லவன்னு நெனச்சேன் தம்பி."

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தாலாவது தேவலை. வாயை மூடினார், அவ்வளவுதான். மத்தியானமும் திறக்கவில்லை, ராத்திரியும் திறக்கவில்லை. மறுநாள் தண்ணீர்கூட வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டார். நாளைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நடந்ததைக் கேட்ட அக்கா அந்தத் துண்டை எடுத்துப்போய்த் துவைத்துப் போட்டாள். மாஸ்டர் மூன்று முறை போன் செய்தார். நான்காவது முறை பயில்வான் போனை அணைத்து வைத்தான். போட்டியாவது மண்ணாவது.

பெரிய கிண்ணம் நிறையக் கஞ்சி எடுத்தான். வெண்ணெயை அவனே அள்ளிப் போட்டான். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து ஒரு வாய் விழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினான். இன்னொரு வாய். மறுபடியும் காட்டினான். முதல் கிண்ணம் காலியாகி, அக்கா இரண்டாவதை நிரப்பினாள். ஒரு வாரமாக வெண்ணெயே காணாத வயிறு புரட்டியது. நெற்றி வியர்த்துக் கை நடுங்கியது. நிறுத்தினால் நம்பமாட்டாரே என்று வாயைப் பொத்திப் பொத்தி விழுங்கினான்.

"பாருங்கப்பா, முழுங்கிட்டேன். நிஜமாவே முழுங்கிட்டேன். ஒரே ஒரு வாய் நீங்க..."

அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. அப்பா அவன் வியர்வையைப் பார்த்தார், நடுங்கும் கையைப் பார்த்தார். குச்சிபோன்ற விரல்களால் அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"உன்னையும் கட்டாயப்படுத்துறாங்களா தம்பி? போதும், தின்னாதே. நீ சின்னப் பிள்ளை, நீயாவது பொழைச்சுப் போ."

கிண்ணத்தை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் மடியில் வைத்து, இவனுக்கு எட்டாதபடி இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.