இடப்பக்கத்து நாற்காலி

“‘கடலுக்கு அந்தப் பக்கம், பினாங்குல ஒரு நண்டு கொட்டாவி விட்டாலும் என் இடது காதுல கேட்கும்டா!’ இப்படித்தான்யா இவன் சொன்னான்!” வறுத்த தர்பூசணி விதையைக் கடித்து உடைத்தபடி தியோ மாமா சொன்னதும், சவப்பெட்டியைச் சுற்றியிருந்த பட்டர்வொர்த் கிழவர்கள் பந்தலே எகிறும்படி சிரித்தார்கள்.

பூன் கியாட் சிரிக்கவில்லை. அப்பாவின் காலடியில் ஊதுபத்தி மாற்றிக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு முப்பத்தொரு வருடங்களாக இடது காது கேட்காது. சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள், வானத்தரசர் பிறந்தநாளுக்குக் கொளுத்திய சரவெடி அதை வாங்கிக்கொண்டு போனது. அவர் சொல்லச் சொல்ல அந்தச் சரம் வருடத்துக்கு ஒரு முழம் வளர்ந்து, கடைசியில் எங்கோ இருக்கும் ஈப்போ நகரத்தையே தொட்டுவிட்டது.

வீட்டில் அதனால் எல்லோருக்கும் ஒரு வசதி. அவருடைய வலப்பக்கம் தொலைக்காட்சி அலறும். இடப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தணிந்த குரலில் அவரைப் பற்றி எதையும் பேசலாம். அவர் பாட்டுக்குக் கஞ்சி குடிப்பார்.

போன வருடம் பிடிவாதமாக அந்தக் காதுக்குள் கருவி வைத்துக்கொண்டார். “இத்தனை வருஷம் தூங்கின நரம்பு. முழிக்கலாம், முழிக்காமலும் போகலாம்” என்று டாக்டரே சொல்லியிருந்தார். முதல் மாதம், எல்லோரும் தகர டப்பாவுக்குள் இருந்து வாத்து மாதிரி கத்துகிறார்கள் என்றார். மூன்றாம் மாதமே நண்டு, கொட்டாவி. யார் நம்புவது? நாற்காலி அங்கேயேதான் இருந்தது. பேச்சும்.

“தம்பி, எரிக்கிற இடத்துல பேட்டரி வெடிக்கும். அந்தக் காது மெஷினைக் கழட்டிருங்க” என்றார் சவப்பெட்டிக்காரர்.

“அதோட டப்பா அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வா. சும்மா கையில வச்சுக்காதே” என்றாள் அம்மா.

டப்பாவுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்கப் பழக்கிய பெண் கொடுத்த வீட்டுப்பாடம்: வலது காதைப் பஞ்சால் அடைத்துக்கொள்ள வேண்டும், இடது காதில் விழுந்ததை அப்படியே எழுத வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் அவள் ஒட்டிய தங்க நட்சத்திரம்.

‘மீன்ல உப்பு பத்தலை - மருமகள்.’

‘கிழவர் இன்னிக்கும் குளிக்கலை - மருமகள். (குளித்தேன்.)’

கியாட்டுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

‘பாதி செத்த மனுஷனுக்கு எதுக்குப் புதுக் காது? - கியாட்.’

அதன் கீழே, கொண்டாட்டமான பெரிய எழுத்தில்: ‘தொலைக்காட்சி ஓடும்போதே! ஒரு சொல்கூட விடவில்லை!’

அந்தப் பக்கத்தில் மட்டும் அவள் நட்சத்திரம் ஒட்டவில்லை. அப்பாவே பேனாவால் ஒன்று வரைந்து வைத்திருந்தார்.

கியாட் அதைச் சொன்ன அன்று இரவும் அவர் கஞ்சி குடித்தார். இன்னொரு கிண்ணம்கூடக் கேட்டார்.

கியாட் டப்பாவோடு பந்தலுக்கு வந்தபோது காது எரிந்தது. யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

“டேய் கியாட்! ஊரே நம்பிடுச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி” என்று தியோ மாமா சீண்டினார். “உங்கப்பனுக்கு நிஜமாவே கேட்டுச்சா இல்லையா, சொல்லிட்டுப் போ!”

கிழவர்கள் விதை கடிப்பதை நிறுத்தினார்கள்.

கியாட் பெட்டியைச் சுற்றி இடப்பக்கமாக வந்து அப்பாவின் காதருகே குனிந்தான்.

“கேட்டுச்சு மாமா” என்றான். “எல்லாமே கேட்டுச்சு.”

தணிந்த குரலில்தான் சொன்னான். பேட்டரியை அதற்குப் பிறகுதான் கழற்றினான்.