கற்படி விழுங்கிய நீளம்

மேலேரியின் நீர்ப்பரப்பில் பனித்திரை விலகாதிருக்க, கீழ்வானில் வெள்ளிக்கீற்றொன்று மெல்லப் படர்ந்து, கரையில் செறிந்த நாணற்பூக்களின் நுனிகளை ஒவ்வொன்றாய்த் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்த விடியற்பொழுது அது. அவ்வேரியின் ஓரத்தில் தொடங்கி, பாறையைப் பிளந்து நெளிந்து இறங்கிக் கீழேரியில் கலக்கும் கால்வாய், பேச்சு நின்றுபோன இரு உறவினர் வீடுகளுக்கிடையே மறையாது கிடக்கும் ஒற்றையடிப் பாதைபோல் ஓசையின்றி ஒளிர்ந்தது.

நற்றமிழ் நயந்து படிப்போரே, அக்கால்வாயின் பிறப்பைச் சிறிது கேட்டல் வேண்டும். முன்னாளில் இரு கூட்டத்தார் இரண்டு ஏரிகளிலிருந்தும் எதிரெதிரே அதனைத் தோண்டி வந்தனர். மேலிருந்து வந்தோர் மழை நிரம்பிய திங்களிலே தம் ஏரியின் மட்டத்தைக் குறித்துக்கொண்டனர். கீழிருந்து வந்தோர் வெயில் குடித்து எஞ்சிய நீரைக் குறித்துக்கொண்டனர். இரு தோண்டலும் நடுவழியில் எதிர்ப்பட்ட நாளில், மேலிருந்து வந்தோர் தம் காலடிக்குக் கீழே மற்றவர் தலைகளைக் கண்டு திகைத்து நின்றனராம். அந்த ஆளுயரப் பிழையை மறைப்பதற்கென்றே இருமுனையிலும் கதவுடைய கற்றொட்டி ஒன்று அவ்விடத்தில் எழுந்தது. தொட்டி நிறைந்திருக்கையில் படகு மேற்கதவின் வழியே உள்ளே நுழையும்; கதவை அடைத்து நீரை வடித்தால், படகும் நீரோடு தாழ்ந்து கீழ்க்கதவின் வழியே வெளியேறும். மேற்கதவு நிற்பதற்கென அதன் அடியில், தொட்டிக்குள் நீட்டியபடி அகன்ற கற்படி ஒன்றுண்டு. நீர் நிறைந்திருக்கையில் கண்ணுக்குத் தோன்றாத அக்கற்படி, நீர் வடிய வடியக் கருமையாய்த் தலைதூக்கும். படகின் வால் அதன்மேல் அகப்பட்டால், மூக்குத் தாழ்ந்து படகு கவிழும்.

அத்தொட்டியைக் காத்து வந்தவள் ஒரு பெண். ஆண்டுகள் பலவாக, கதவடைத்த ஒவ்வொரு முறையும் "வாலைப் படியை விட்டுத் தள்ளி நிறுத்துங்க" என்று அவள் கூவும் குரலைக் கேளாமல் எந்தப் படகும் இறங்கியதில்லை. அவளுக்கு ஒரு தம்பி; மரவேலையில் கைதேர்ந்தவன். மேலேரி தூர்ந்து நாணற்கட்டு ஏற்றுவதைத் தவிர வேறு தொழிலற்றுப் போகவே, அவன் மனைவி கைக்குழந்தையோடு கீழேரிக்கரையில் தாய்வீட்டின் ஒற்றையறையில் ஒடுங்கியிருந்தாள். கீழேரியிலோ சுமையேற்றத் தொழில் குறைவற நடந்தது. ஆகவே, நல்ல மரம் கிடைக்கும் மேலேரிக்கரையிலேயே, சுமைக்கு இடமும் குடியிருக்க இரண்டு அறைகளும் உள்ள பெரும்படகொன்றைக் கட்டி, அதிலேயே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பிழைப்பதென்று அவன் உறுதிகொண்டான். தொட்டி எவ்வளவு நீளம் கொள்ளுமென்று அவன் வினவியபோது, அவள் நிறைந்த தொட்டியின் கரைமேல் நடந்து, கதவிலிருந்து கதவு வரை கயிற்றை இழுத்துப் பிடித்து, முடிச்சிட்டு வெட்டிக் கொடுத்தாள். வரும் படகெல்லாம் குட்டையானவை. தொட்டியின் நீளம் ஒருநாளும் ஒருவருக்கும் வழக்காகாதிருந்தது. அதனால், நாள்தோறும் தன் வாயாலேயே எச்சரிக்கும் கற்படியை அன்று அவள் கயிற்றிலிருந்து கழிக்கவில்லை.

இரண்டு மழைக்காலம் உழைத்துக் கட்டிய அப்படகு, அன்று காலையில், புதுமரத்தின் மணம் காற்றில் கமழ, பெருமிதத்தோடு அசைந்து வந்தது. கீழ்ப்புறக் கரையில் பானைகளையும் பாய்ச்சுருளையும் இறக்கி வைத்து, இடுப்பில் குழந்தையோடு அவன் மனைவி நின்றாள்.

"கயித்துல ஒரு சாணாவது விட்டியாடா?" என்று கேட்டாள் அக்காள்.

"விட்டேன்க்கா. நீ குடுத்த கயிறு. அதுல தப்பு பண்ணுவேனா?"

கீழே தன் முறைக்குக் காத்திருந்த சுண்ணாம்புப் படகுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன மாப்ளே, படகு கட்டச் சொன்னா பாலம் கட்டிட்டு வந்திருக்க?"

"வயிறெரியாதீங்க மாமா. உங்களுக்கும் ஒரு மூலையில இடம் தர்றேன்."

கரையிலிருந்தோர் நகைத்தனர். படகு உள்ளே நுழைந்தது. மூக்கு கீழ்க்கதவை ஒட்டி நின்றது. வாலுக்குப் பின்னே மேற்கதவு ஒரு சாண் இடைவெளியில் பொருந்தி மூடிற்று. அளவு அவ்வளவு அழகாய் அமைந்ததைக் கண்டு அக்காளின் கண் பனித்தது. பிறகு, பழகிய நா தானே அசைந்து, "வாலைப் படியை விட்டுத் தள்ளி..." என்று தொடங்கி, இடையிலே உறைந்தது. தள்ளுவதற்கு முன்புறத்தில் இடமேது?

ஆனால் நீரை வடிக்கும் மதகுப்பலகையை அவள் கை அதற்கு முன்பே தூக்கிவிட்டிருந்தது. நீர் வடிந்தது, மூக்குத் தாழ்ந்தது, வால் தாழவில்லை. புதுமரம் கல்லின்மேல் அமர்ந்து முனகிற்று. அவள் பலகைமேல் விழுந்தடித்து அதனை அடைத்து, மேல்மதகைத் திறந்து, நீரைத் திரும்ப ஏற்றினாள். படகு மீண்டும் நிமிர்ந்து, ஒன்றும் அறியாததுபோல் மிதந்தது.

படகைக் குறுக்கே சாய்த்துப் பார்த்தனர். தொட்டியின் அகலம் இடங்கொடுக்கவில்லை. கரைவழியே இழுத்துச் செல்லவோ, இருமருங்கும் செங்குத்தான பாறை.

"வாலைக் கொஞ்சம் அறுத்துட முடியாதாடா?"

"அடிமரம் ஒரே மரம்க்கா. அறுத்தா அது படகில்ல, விறகு."

"அளந்தது நான்தானே," என்றாள் அவள்.

"கயிறு சரியாத்தான்க்கா இருந்துச்சு," என்றான் அவன், அவள் முகத்தைப் பாராமல். வைதிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அவன் மனைவி கரையோரப் படிக்கட்டு வழியே மேலேறி வந்து, குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் படகினுள் இறங்கினாள். தனக்கென அமைந்திருந்த அறையில் சிறிது நேரம் அமர்ந்திருந்தாள். வெளியே வந்து, "ஜன்னல் நல்லா வெச்சிருக்கீங்க. வெளிச்சம் வருது," என்றாள். பின்பு குழந்தையை வாங்கிக்கொண்டு, வந்த வழியே இறங்கிப் பானைகளை ஒவ்வொன்றாய்த் தூக்கலானாள். திரும்புவதற்கு இடமின்றி, படகு வால் முன்னாகவே மேலேரிக்குப் பின்வாங்கிற்று.

"எம் படகுல வா மாப்ளே," என்றார் சுண்ணாம்புக்காரர், நகையின் நிழலும் இல்லாத குரலில். "ஒரு மூலையில இடம் இருக்கு."

அப்பெரும்படகு இன்றும் நாணலிடையே கட்டப்பட்டபடியே நிற்கிறது. நீர்க்காகங்கள் அதன் கூரையில் சிறகுலர்த்துகின்றன. தம்பி கீழேரிக்கரையின் ஒற்றையறையில் குடியிருந்து, சுண்ணாம்புப் படகில் கோலூன்றுகிறான். அப்படகு மேலிருந்து தொட்டிக்கு வரும்போதெல்லாம், அவன் வெண்பொடி படிந்த தலை தெரிய, அக்காள் கதவடைத்து நிற்பாள். சொல்லாமலிருக்கத்தான் அவள் விரும்புவாள். ஆயினும் படகில் ஆளிருக்க, கல் கீழே காத்திருக்க, சொல்லாமல் விடுதல் ஆகுமோ?

"வாலைப் படியை விட்டுத் தள்ளி நிறுத்துங்க."

"தள்ளியாச்சுக்கா," என்று அவனே விடையிறுப்பான். அவள் பலகையைத் தூக்குவாள். முன்னோர் பிழையால் பிறந்த அந்த ஆளுயரம் முழுவதும் நீர் அவனை மெல்ல மெல்லத் தாழ்த்திக் கொண்டுசெல்ல, மேற்கதவின் அடியிலே கற்படி ஈரம் சொட்டத் தலைதூக்கும். அவன் கீழ்க்கதவைக் கடந்து மறையும்வரை அவள் அதனையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.