மின்னல்ராஜா

மின்னல்ராஜா யாரென்று தெரிந்தால் இரண்டு கையையும் வெட்டிப் போடுவேன் என்று செல்வக்குமார் எங்கள் லைன் வீட்டு வாசலில் நின்று சொன்னது ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. குழாயடியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் கேட்டுக் கேட்டு, அது பல்லடம் பக்கம் ஏதோ ரவுடி போலிருக்கிறது என்றே நினைத்துவிட்டார்கள். ரவுடியெல்லாம் இல்லை. அவன் பெண்டாட்டி நிர்மலாதான் மின்னல்ராஜா. அது நிர்மலாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்போது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது.

எங்கள் லைன் வீட்டில் வரிசையாக எட்டு வீடு. முதல் வீட்டில் நான் இருக்கிறேன், மற்றதெல்லாம் வாடகை. என் சுவருக்கு அடுத்த பக்கம் செல்வக்குமாரும் நிர்மலாவும். நடுவில் ஒற்றைக்கல் சுவர், தும்மினால்கூடக் கேட்கும். அதனால் அவன் எதற்கு அடிக்கிறான், எதால் அடிக்கிறான் என்பதெல்லாம் நான் கேட்காமலேயே எனக்குத் தெரிந்த விஷயம்.

செல்வக்குமார் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, அதன்மேல் மெஷினை ஓட்டி வெட்டுகிற வேலை. வெளியே பார்த்தால் தங்கமான பிள்ளை. "ஏனுங்க பெரீம்மா, தண்ணி வந்துருச்சுங்களா, சாப்டீங்களா" என்று அவ்வளவு மரியாதை. அடிக்கும்போதுகூட அவன் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. சத்தமே இல்லாமல் அடிப்பான். பாத்திரம் உருளும், அவள் மூச்சு வாங்குவது கேட்கும், அவ்வளவுதான். நான் போய்க் கதவைத் தட்டினால் வேர்த்த முகத்தோடு திறந்து, "ஒண்ணுமில்லீங்க பெரீம்மா, பூனை வந்துருச்சுங்க" என்பான்.

கம்பெனியில் அவனைவிடப் பத்து வயது சின்ன மேனேஜர், எல்லார் முன்னாலும் அவனைத் திட்டுவான். புதிதாக வந்த இந்திக்காரப் பையன்கள் அவனைவிட வேகமாக வெட்டுகிறார்கள். இதெல்லாம் அவனோடு அதே கட்டிங்கில் வேலை செய்யும் ராஜ்கமல் சொன்னது, அவனும் எங்கள் லைனில்தான் கடைசி வீடு. திட்டு வாங்கிய கையோடு சாப்பாட்டு நேரத்தில் செல்வக்குமார் செல்போனை எடுப்பானாம். அதில் துப்பாக்கி ஆட்டம். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும், கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கண்ணில் படுகிறவர்களைச் சுட வேண்டும், கடைசி வரைக்கும் நிற்கிறவன் ஜெயித்தவன். அவினாசி, பல்லடம், அனுப்பர்பாளையம் என்று எல்லாக் கம்பெனிப் பையன்களும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றாகச் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. உள்ளே நுழைய ஒரு நம்பர் தினமும் காலையிலேயே குரூப்பில் வரும். அதில் செல்வக்குமார்தான் ஒரு கூட்டத்துக்குத் தலைவன். "லீடரண்ணா எங்க போகட்டும், லீடரண்ணா யாரச் சுடட்டும்" என்று பையன்கள் அவனைக் கேட்டுக் கேட்டுத்தான் அசைவார்கள். நாள் முழுக்க அவன் பேச்சை ஒருவர் கேட்கிறார் என்றால் அந்த ஒரு மணி நேரம்தான்.

நிர்மலா கொமரலிங்கத்துக்காரி. கல்யாணமான புதிதில், தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கிற செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சூப்பர்வைசரோடு சிரித்துப் பேசினாள் என்று நிறுத்திவிட்டான். அப்புறம் வீட்டிலேயே உட்கார்ந்து பனியனில் நூல் பிசிறு வெட்டினாள். காலையில் மூட்டை வரும், சாயங்காலம் போகும். யாரோடும் பேசக் கூடாது. தினமும் வந்ததும் அவள் போனை வாங்கி, யார் கூப்பிட்டார்கள், என்ன மெசேஜ் என்று ஒன்று விடாமல் பார்ப்பான். ஆட்டத்தை மட்டும் பார்க்க மாட்டான். "பொம்பளைங்க மிட்டாய் அடுக்கற ஆட்டந்தானே ஆடுவாங்க" என்று ராஜ்கமலிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான்.

அவன் குளிக்கும்போது அவன் போனைத் திறந்து அந்த நம்பரைப் பார்த்திருக்கிறாள். எங்கள் வாசல் வழியாக நிற்காமல் பறக்கும் ஒரு பிரைவேட் பஸ்ஸின் பேரைத் தனக்கு வைத்துக்கொண்டாள். மைக்கைப் போடவே மாட்டாள். எல்லாரும் ஆம்பளை என்றே நினைத்தார்கள். முதல் நாள் அவளையே நாலு பேர் சுட்டார்கள். ஒரு மாதம் கழித்து அவளைச் சுட ஆளில்லை. அப்புறம் அவள் வேறு யாரையும் தேடவில்லை. தீவில் குதித்ததும் நேராகப் புருஷன் இருக்கும் இடம்தான்.

ஒரு நாள் பிசிறு வெட்டுகிற சாக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டேன். அவள் கைகால் ஆடவில்லை, முகம் மாறவில்லை. கட்டை விரல் இரண்டும் மட்டும் பாம்பு நாக்கு மாதிரி ஓடின. ஒருவன் படியேறி வந்தான், முழங்காலில் சுட்டாள், அவன் விழுந்து தவழ்ந்தான், கொஞ்ச தூரம் தவழ விட்டுத் தலையில் சுட்டாள். அவன் தலைக்கு மேல் செல்வக்குமாரின் பேர் இருந்தது.

அவன் தோற்ற அன்றைக்கெல்லாம் சாயங்காலம் வந்து இவளைத்தான் அடிக்கிறான் என்பது எனக்கே தெரியும்போது இவளுக்குத் தெரியாதா? ஏன் அம்மிணி வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விடுகிறாய் என்று கேட்டேன்.

நூலை வெட்டிக்கொண்டே சொன்னாள். "எப்படியும் அடிக்கத்தானுங்க போறாரு. முன்னெல்லாம் எதுக்கு அடிக்கறாருன்னே தெரியாதுங்க. இப்பத் தெரியுதுங்க பெரீம்மா."

நானும் ஒரு பனியனை எடுத்துப் பிசிறு வெட்டினேன்.

கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர்கள் இடது கையில் இரும்பு வளையத்தில் பின்னிய கையுறை போடுவார்கள். துணி அடுக்கை அந்தக் கைதான் அமுக்கிப் பிடிக்க வேண்டும், கத்தி அதற்கு முன்னால் ஓடும். கையுறையோடு போனைத் தொட்டால் போன் கேட்காது. அதனால் சாப்பாட்டு மணி அடித்ததும் செல்வக்குமார் முதலில் கழற்றுவது அதைத்தான். அன்றைக்கும் கழற்றி மேஜையில் வைத்தான். ஆட்டத்தில் கடைசியில் இரண்டே பேர். இவனும் மின்னல்ராஜாவும். பையன்களெல்லாம் இவனைச் சுற்றி நின்று பார்த்தார்களாம். மின்னல்ராஜா இவனை மொட்டை மாடியில் முழங்காலில் சுட்டு, தவழ விட்டு, கிட்டே வந்து நின்று, சுடாமல் ஒரு டான்ஸ் ஆடி, அப்புறம் தலையில் சுட்டான். ஒரு பையன் சிரித்துவிட்டான். அதே நேரம் மணி அடித்தது. மேனேஜர் வாசலில் நின்று, இன்னும் மெஷின் ஓடவில்லையா என்று கத்தினான்.

செல்வக்குமார் போனை வீசிவிட்டு, வெறுங்கையை வெள்ளைத் துணிமேல் வைத்து மெஷினைத் தள்ளினான்.

கட்டை விரலும் அதற்கடுத்த இரண்டு விரலும். வெட்டுப்பட்டதே முதலில் அவனுக்குத் தெரியவில்லையாம், மெஷின் துணியை விட்டு வெளியே வந்த பிறகுதான் பார்த்திருக்கிறான். மேல் துணியிலிருந்து அடித் துணி வரைக்கும் ரத்தம் இறங்கிவிட்டது. ராஜ்கமல் விரல்களைப் பொறுக்கி ஐஸில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் ஒட்டிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை.

ராஜ்கமல் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போன பிறகு நிர்மலா வெளியே போய் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து தன் கட்டை விரல்களையே பார்த்துக்கொண்டு, "நாந்தான் வெட்டிப்போட்டனுங்களா" என்றாள். மெஷினை ஓட்டியது அவன் என்றேன். அவள் காதில் அது ஏறவில்லை. அன்றோடு ஆடுவதை விட்டாள். ஒழுங்காகச் சோறூட்டி, கட்டு மாற்றி, குளிக்க வைத்து, பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள்.

அவனுக்கு விரல் போன கவலையைவிட ஆட்டம் போன கவலைதான் பெரிது. ஒரு கட்டை விரலால் ஆட முடியாது. படுத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்ப்பான், மத்தியானம் ஆனால் வேர்க்கும், வலது கை விரல்கள் தானாகப் பாயைச் சுரண்டும். பையன்கள் வேறு ஒருவனைத் தலைவனாக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் நிர்மலாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தன் போனை அவள் கையில் கொடுத்தான். நான் சொல்கிறபடி விரலை வை, போதும் என்றான்.

அவள் மாட்டிக்கொண்டாள். நன்றாக ஆடினால் யாரென்று தெரிந்துவிடும். ஆடத் தெரியாதவள் மாதிரி ஆடினால் தோற்றுப்போவான், தோற்றால் அடிப்பான். அவள் தோற்பது என்று முடிவு செய்தாள். சுவரில் முட்டினாள், தண்ணீரில் விழுந்தாள், வேண்டுமென்றே வானத்தைப் பார்த்துச் சுட்டாள். அவன் வலது கையால் பிடறியில் அடிப்பான், காதோடு அறைவான். ஒரு நாள் டம்ளரால் அடித்ததில் புருவம் கிழிந்தது. கண்ணுக்குள் ரத்தம் வழிய, அதே போனை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்குப் போய்விடு அம்மிணி என்று நான் சொன்னேன். இந்தக் கையோட அவரை விட்டுவிட்டு எப்படிங்க போவது என்றாள்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் திருப்பூரில் மெஷின் ஓடாது, பையன்கள் காலையிலிருந்தே ஆடுவார்கள். அப்படி ஒரு நாளில்தான் எல்லாம் முடிந்தது. ஃபேன் இல்லை, கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், நான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். பையன்கள் பேசுவது தெருவுக்கே கேட்டது.

"லீடரண்ணனுக்கு விரலோட மூளையுஞ் சேந்து போச்சுடா" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

செல்வக்குமார் நிர்மலாவின் முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் நெற்றியைச் சுவரில் மோதினான். ஒரு தடவை. இரண்டாம் தடவை. நான் கீரையைப் போட்டுவிட்டு எழுந்தேன். மூன்றாம் தடவை மோதுவதற்குள் அவள் விரல்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

அவள் நினைத்துச் செய்யவில்லை என்றுதான் பிறகு சொன்னாள். விரல் அதுபாட்டுக்கு ஓடியதாம். கதவுக்குப் பின்னால் ஒருவன், ஜன்னலில் ஒருவன், மரத்தடியில் இரண்டு பேர், வரிசையாக விழுந்தார்கள். முழங்கால், தலை. முழங்கால், தலை. போனுக்குள் பையன்கள் கூத்தாடினார்கள். லீடரண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்றார்கள்.

செல்வக்குமார் முடியை விட்டுவிட்டான். அவள் விரல்களையே பார்த்தான். கடைசியாக ஒருவன் முழங்காலில் அடிபட்டுத் தவழ்ந்தான். அவள் அவனைக் கொஞ்ச தூரம் தவழ விட்டாள்.

"நீயா" என்றான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நாந்தானுங்க."

அவன் வலது கை அவள் கழுத்தைப் பிடித்தது. அப்படியே மூட்டை மேல் சாய்த்து, முழங்காலை நெஞ்சில் ஊன்றினான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், முழங்கையால் இடித்தான், நிலைப்படியில் போய் விழுந்தேன். அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கை தரையைத் துழாவியது. பிசிறு வெட்டும் கத்தரி அங்கேதான் கிடந்தது, விரல் அதில் பட்டும்விட்டது. அதை விட்டுவிட்டு அவன் இடது கைக் கட்டைப் பிடித்தாள். பிடித்து, வெட்டின இடத்தில் தன் கட்டை விரலை வைத்து, முழு பலத்தோடு அழுத்தினாள்.

அந்த மாதிரி ஒரு அலறலை நான் மாட்டிடம்கூடக் கேட்டதில்லை. தையல் விட்டு ரத்தம் அவள் முழங்கை வரைக்கும் வழிந்தது. அவன் சுருண்டு விழுந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் தவழ்ந்தான். அவள் இருமி இருமி மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கத்தரி இப்போது அவள் கையில் இருந்தது. அவள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு மூத்திரமே வந்துவிட்டது. அவ்வளவு நேரம் நின்றாள்.

அப்புறம் கத்தரியை மூட்டைக்குள் போட்டுவிட்டு, துண்டை எடுத்து அவன் கையை இறுக்கிக் கட்டினாள். ராஜ்கமலைக் கூப்பிட்டு வண்டி எடுக்கச் சொன்னாள்.

அடுத்த வாரம் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் வந்து என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். அவள் கழுத்தில் ஐந்து விரலும் நீலமாக இருந்தது, அதை யாரும் பார்த்த மாதிரி தெரியவில்லை. ஒரு பொம்பளை புருஷனைத் துப்பாக்கியால் சுடுகிற ஆட்டம் ஆடலாமா என்பதுதான் பேச்சே. செல்வக்குமாரின் அம்மா பாண்டியம்மாள் கடைசியில் தீர்ப்பு மாதிரி சொன்னாள்: இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் அந்த ஆட்டத்தை போனிலிருந்து அழித்துவிட வேண்டும், பழையபடி குடும்பம் நடத்த வேண்டும். சனியன் பிடித்ததே அந்த ஆட்டத்தால்தான்.

நிர்மலா போனை எடுத்தாள், அழித்தாள், எல்லாருக்கும் திருப்பிக் காட்டினாள். ரொம்ப நேரம் ஆகவில்லை.

"அழிச்சுட்டனுங்க அத்தை" என்றாள். "இருந்தாலும் நான் போறனுங்க. ஆட்டம் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சவருங்க."

துணிப்பையைத் தயாராகக் கட்டி வைத்திருந்தாள் போலிருக்கிறது. எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். தடுக்க எழுந்த அவள் அப்பா, கழுத்தை அப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

பாண்டியம்மாள் மகன் பக்கம் திரும்பி, நீயும் அழிச்சுடு சாமி, போனவ வந்துருவா என்றாள். அவன் வலது கையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டை விரலை அதன்மேல் கொண்டுபோனான், எடுத்தான், மறுபடியும் கொண்டுபோனான். எல்லாரும் காத்திருந்தார்கள். மத்தியான நேரம், குரூப்பில் மெசேஜ் வந்த சத்தம் கேட்டது.

"பசங்க காத்துட்டிருப்பாங்கம்மா" என்றான்.